செலவில்லாத மூச்சு

செத்துப்போனவர் வீட்டுக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாமா?

கேள்வி கொஞ்சம் அபசகுனமாக இருக்கிறதோ? பொறுத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் சேர்ந்து வருடா வருடம் செய்கிற காரியம்தான் இது. தாஜ்மகால் என்பது என்ன? ஒரு புருஷனும் பெண்டாட்டியும் புதைக்கப்பட்ட இடம். அதன் எதிரே இருக்கும் பளிங்கு பெஞ்சில் உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து போட்டோ எடுத்துக்கொள்கிறோம். பக்கத்துத் தெருவில் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் இப்படி ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். ஏழு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

அப்படியானால் நடுவில் என்ன மாறுகிறது? வருஷம். அவ்வளவுதானே? 1972-ல் வந்த நம் நாட்டுத் தொல்பொருள் சட்டம், பொதுவாக ஒரு பொருளுக்கு 100 வயதாகியிருந்தால் அதைத் தொல்பொருள் என்கிறது. 99 வருடம் வரை அது பாட்டியின் குங்குமச் சிமிழ். நூறாவது வருடம் மியூசியத்து அயிட்டம். பொருளுக்கு இது சரி. மனிதருக்கு? ஒருவர் எத்தனை வருடம் வரை 'இன்னாருடைய அப்பா', எந்த வருடத்திலிருந்து 'காட்சிப் பொருள்'? கடன் பத்திரம் காலாவதியாவதுபோல, செத்தவருக்குக் காட்டவேண்டிய மரியாதையும் காலாவதியாகுமா?

பி.காம். படித்தவனுக்கு எல்லாமே லெட்ஜராகத்தான் தெரியும் என்று என் வீட்டில் ஒரு புகார் உண்டு. இந்தக் கேள்வியும் எனக்கு அப்படித்தான் வந்தது. வந்த இடம் எகிப்தில் உள்ள லக்ஸர்.

லக்ஸர் போகிறவர்கள் நைல் நதியைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போவார்கள். குளிர்சாதன பஸ் நேராக 'மன்னர்களின் பள்ளத்தாக்கு'க்குப் போகும். மூன்று கல்லறை, கூட்டத்தோடு கூட்டமாக இறக்கம், ஏற்றம், வியர்வை, ஒரு ஜூஸ், திரும்பி ஹோட்டல். அதே மலைக்கு இந்தப் பக்கம், பழைய குர்னா என்ற இடத்தில், நூற்றுக்கணக்கான கல்லறைகள் சரிவு முழுக்கத் தேன்கூடு மாதிரி இருக்கின்றன. பஸ்கள் இங்கே நிற்பது குறைவு. ஏனென்றால் இங்கே படுத்தவர்கள் ராஜாக்கள் அல்ல. ராஜாவிடம் சம்பளம் வாங்கியவர்கள். தலைமை அமைச்சர், மேயர், தானியக் கணக்கர், நில அளவை அதிகாரி. நம்ம ஜாதி! அதாவது, உத்தியோக ஜாதி.

ராஜா கல்லறையில் வரைந்திருப்பது மறுமை. பாம்பு, பாதாளம், பன்னிரண்டு மணி நேர இருட்டு, பூதகணங்கள். இங்கே வரைந்திருப்பது இம்மை. ரெக்மிரே என்ற தலைமை அமைச்சரின் கல்லறைச் சுவரில் செங்கல் அறுக்கிறார்கள், உலோகம் உருக்குகிறார்கள், தச்சர் கட்டில் செய்கிறார். ஒருவர் ஒட்டகச்சிவிங்கியைக் கயிறு கட்டி இழுத்து வருகிறார். இன்னொருவர் ஒரு குட்டி யானையைக் கொண்டுவருகிறார். சென்னெஃபர் என்ற மேயர், கல்லறையின் கரடுமுரடான கூரையைச் செதுக்கிச் சமப்படுத்தாமல் அப்படியே விட்டு, அதில் திராட்சைக் கொடியை வரையச் சொல்லியிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் பந்தலுக்கடியில் நிற்கிற மாதிரி இருக்கிறது. கிட்டத்தட்ட 3,400 வருடத்துப் பந்தல்.

(ரெக்மிரே சுவரில் ஒரு பாடமும் எழுதியிருக்கிறது. ராஜா தன் அமைச்சருக்குப் பதவிப் பிரமாணத்தின்போது சொல்லும் புத்திமதி. முன்பு ஓர் அமைச்சர், 'சொந்தக்காரனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னான்' என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து, நியாயம் சொந்தக்காரன் பக்கம் இருந்தும் அவனுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னாராம். அது நீதியல்ல, நீதியைத் தாண்டிப் போன காரியம் என்கிறார் ராஜா. நம்மூர் அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.)

இந்தக் கல்லறைகளின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. இவை இரண்டடுக்கு. மேலே, வாசல் வைத்த, சித்திரம் தீட்டிய வழிபாட்டு அறை. கீழே, கிணறு மாதிரி செங்குத்தாகத் தோண்டி, அதன் அடியில் உடலை வைத்த அறை. அடக்கம் முடிந்ததும் கிணற்றைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிடுவார்கள். மேல் அறையோ திறந்தே இருக்கும். பிள்ளைகள் வரவேண்டும், திருவிழா நாட்களில் சாப்பாடு படைக்கவேண்டும், வழிப்போக்கர் எட்டிப் பார்க்கவேண்டும்.

ஆமாம், வழிப்போக்கரும்தான். பல கல்லறைகளில் சுவரிலோ நடுகல்லிலோ ஒரு வேண்டுகோள் இருக்கும். சாரம் இதுதான்: 'இந்த வழியாகப் போகிற உயிருள்ளவர்களே, நின்று என் பெயரைச் சொல்லுங்கள். எனக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர் கிடைக்கட்டும் என்று வாயால் சொன்னால் போதும்.' சிலர் இதோடு நிறுத்தாமல் நம் பாக்கெட்டையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதனால் உங்களுக்குக் காசு செலவில்லை, வாய் மூச்சுதானே என்கிறார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் தொண்டையை என்னவோ செய்தது. செத்த பிறகும், அடுத்தவனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற கவலை!

ஏன் இந்தக் கெஞ்சல்? பெயர் உச்சரிக்கப்படும்வரை ஆள் இருக்கிறான், பெயர் போனால் ஆளே போனான் என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளைகளை நம்பிப் பயனில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கெய்ரோவுக்கும் லக்ஸருக்கும் நடுவே அசியூட் என்ற ஊரில் ஹப்ஜெஃபா என்ற மாகாண அதிபரின் கல்லறை இருக்கிறது. வயது 3,900 வருடத்துக்குப் பக்கம். சுவரில் அவர் எழுதி வைத்திருப்பது கவிதையல்ல, பத்து ஒப்பந்தங்கள்! என் மாதிரி ஆளுக்கு இதைவிட விருந்து கிடையாது. 'என் சிலைக்கு இன்னின்ன நாளில் இத்தனை ரொட்டி, இத்தனை பீர், இத்தனை விளக்குத் திரி தரவேண்டும். பதிலுக்கு நான் இன்னது தருகிறேன்' என்று பூசாரிகளோடு போட்டுக்கொண்ட உடன்படிக்கை. கோயிலின் வருட வருமானத்தை 360-ஆல் வகுத்து, அதை ஒரு 'கோயில் நாள்' என்று யூனிட் ஆக்கி, பரம்பரைப் பூசாரி என்ற முறையில் தனக்கு வரவேண்டிய சில நாட்களைக் கொடுத்துத் திரி வாங்கிக்கொள்கிறார். அதைவிடப் பெரிய விஷயம், 'நான் கொடுப்பது என் அப்பா வீட்டுச் சொத்திலிருந்து. அதிபர் பதவியின் சொத்திலிருந்து அல்ல' என்று பிரித்து எழுதியிருக்கிறார். சொந்தக் கணக்கு வேறு, ஆபீஸ் கணக்கு வேறு. எந்த ஆடிட்டரும் எழுந்து நின்று கும்பிடுவார்.

இன்று அங்கே திரி எரியவில்லை. ஆனால், அவர் பெயரை இப்போது நீங்கள் மனசுக்குள் படித்தீர்களே, அது வரவில் சேர்ந்துவிட்டது.

ஆக, என் கேள்விக்கு ஒரு பாதி பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மாடிக்குப் போகலாம், அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். கிணற்றுக்குள் இறங்கக் கூடாது, மூடித்தானே வைத்தார்கள்? வரவேற்பறைக்கு வா, படுக்கையறைக்கு வராதே. எந்த வீட்டிலும் இருக்கிற நாகரிகம்தான். தாஜ்மகாலிலும் பார்வையாளர் பார்ப்பது மேல்தளத்து அடையாளக் கல்லைத்தான். நிஜ சமாதிகள் கீழறையில் இருக்கின்றன.

ஆனால் சொல்லும்போதே இடிக்கிறது. சென்னெஃபரின் திராட்சைப் பந்தல் இருப்பதே கீழே, படுக்கையறையில். அதைப் பார்க்க நான் படியிறங்கிப் போனேன். இனி போனாலும் இறங்குவேன். இந்த விதியைப் போட்டவனாலேயே காப்பாற்ற முடியவில்லை என்றால் விதியில்தான் ஏதோ கோளாறு.

கீழே இறங்கியவர்களின் கதை பெரிது. கி.மு. 1110 வாக்கில், ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில் அமென்பனூஃபர் என்ற கல்தச்சன் கொடுத்த வாக்குமூலம் பாப்பிரஸில் இருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து சொபெக்கெம்சாஃப் என்ற பழைய ராஜாவின் கல்லறையைக் குடைந்தார்கள். ராஜா, ராணி இருவரின் சவப்பெட்டியையும் திறந்து, தங்கத்தை உரித்து, பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். கிடைத்த தங்கம் 160 டெபன். நம் கணக்கில் 14.5 கிலோ. ஆளுக்கு 20 டெபன், சுத்தமான வகுத்தல், மீதி பூஜ்யம். கொஞ்ச நாளில் நம்மாள் மாட்டிக்கொண்டான். தன் 20 டெபனையும் ஓர் அதிகாரியிடம் தள்ளிவிட்டு வெளியே வந்தான். வந்து கூட்டாளிகளிடம் சொன்னால், அவர்கள் தங்கள் பங்கிலிருந்து அவனுக்கு ஈடு கட்டினார்களாம். திருட்டிலும் பார்ட்னர்ஷிப் தர்மம் தப்பவில்லை!

இவர்கள் திருடர்கள். சரி. அடுத்து வந்த பூசாரிகள்? ராஜாக்களின் உடல்களை எடுத்துத் திரும்பச் சுற்றிக் கட்டி, ஒரு மலைப்பொந்தில் ஒளித்து வைத்தார்கள். காப்பாற்றத்தான். அப்படியே மிச்சமிருந்த தங்கத்தையும் அரசாங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்கும் பிறகு, 1830-களில் லண்டனில் பெட்டிக்ரூ என்ற டாக்டர் கூட்டம் கூட்டி மம்மிகளைப் பிரித்துக் காட்டினார். ஐரோப்பாவில் மம்மியை அரைத்து மருந்தாகச் சாப்பிட்டார்கள். பழுப்பு நிறப் பெயின்டாகவும் குழைத்தார்கள்.

பூசாரிகள் ஒளித்த பொந்தை 1870-களில் கண்டுபிடித்தது குர்னாவைச் சேர்ந்த அப்துல் ரசூல் சகோதரர்கள். பத்து வருடம் போல ரகசியமாக ஒவ்வொன்றாக எடுத்து விற்றார்கள். 1881-ல் குட்டு உடைந்தது. இரண்டாம் ராம்செஸ், முதலாம் சேத்தி, மூன்றாம் துத்மோஸ் எல்லாரையும் அவசர அவசரமாகத் தூக்கிப் படகில் ஏற்றினார்கள். அப்போது கரையோரக் கிராமத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சவ ஊர்வலத்துக்குச் செய்கிற மாதிரியே! திருடிய ஊரும் அதுதான், அழுத ஊரும் அதுதான். கெய்ரோவில் இன்னொரு கதை சொல்வார்கள். மம்மிக்கு வரிப் பட்டியலில் பிரிவு இல்லாததால், சுங்க அதிகாரி 'கருவாடு' என்று எழுதி வரி போட்டாராம். உண்மையோ பொய்யோ, அதிகாரிகளோடு பழகியவன் என்ற முறையில் எனக்கு நம்பச் சிரமமில்லை.

அந்தக் குர்னாவாசிகளுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? பல தலைமுறையாக அவர்கள் வீடுகள் இந்தக் கல்லறைகளின் மேலேயே இருந்தன. 1940-களில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் அவர்களுக்காக மண்ணாலேயே அழகான புது ஊர் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். உலகமே பாராட்டியது. குர்னாக்காரர்களில் பெரும்பாலோர் போகவில்லை. 2006-ல் தொடங்கிச் சில வருடங்களில், அரசாங்கம் புல்டோசர் வைத்துப் பழைய வீடுகளைத் தரைமட்டமாக்கி, மக்களை வேறு இடத்துக்கு மாற்றியது. கல்லறைகளைக் காப்பாற்ற வேண்டும், சாக்கடைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, காரணம் நியாயமானதுதான்.

நான் போனபோது ஒரு கல்லறை வாசலில் வயதான காவலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் அலுமினியத் தாள் ஒட்டிய பலகை. வெயிலை அதில் பிடித்து உள்ளே திருப்பினால் சுவரில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"இந்தியாவா? அமிதாப் பச்சன்!" என்றார். எகிப்தில் நமக்கு விசாவைவிடப் பலமான ஆவணம் அது.

வீடு எங்கே என்று கேட்டேன். வெற்றுச் சரிவைக் கை காட்டினார். பிறகு, தூரத்தில் ஒரே மாதிரி வரிசை வீடுகள் இருந்த திசையைக் காட்டினார்.

"அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது, நல்லதுதான். ஆனால் ஐயா, இவர்கள் செத்து மூவாயிரம் வருஷம். நாங்கள் இன்னும் சாகவில்லையே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெயில் நகர்ந்ததற்கேற்பப் பலகையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. செத்தவருக்கு மரியாதை என்று நாம் சொல்லும்போது, அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்க்கவேண்டும் என்பது மட்டும் புரிந்தது. என் டிக்கெட் பணத்திலிருந்து அவர் சம்பளம் வருகிறது. அந்தக் கல்லறையை நானும் என்னைப் போன்றவர்களும் பார்க்க வருவதால்தான் அவர் வீடு போயிற்று. இரண்டும் ஒரே டிக்கெட்.

இதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு. மூச்சு. நூறு பேர் ஒரு சின்ன அறைக்குள் மூச்சு விட்டால் ஈரம் சேரும். ஈரம் பட்டால் சுவருக்குள் இருக்கிற உப்பு கிளம்பி வரும். உப்பு கிளம்பினால் பூச்சோடு சித்திரம் பெயரும். ராணி நெஃபர்தாரியின் கல்லறைச் சித்திரங்கள் உப்பால் உதிர்ந்து, 1986 முதல் 1992 வரை அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் எகிப்து அரசும் சேர்ந்து அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிறகு திறந்தபோது ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான், இத்தனை நிமிஷம்தான் என்று கட்டுப்பாடு. அதாவது, 'வாய் மூச்சுதானே, செலவில்லை' என்று சுவரில் எழுதிவைத்தவர்களின் சுவர், அந்த மூச்சாலேயே உதிர்கிறது. பெயரைச் சொல்லப் போனால் சித்திரம் கெடும். போகாவிட்டால் பெயர் சொல்ல ஆளில்லை.

2014-ல் துட்டன்காமன் கல்லறைக்கு அச்சு அசலாக ஒரு நகல் செய்து அருகிலேயே வைத்திருக்கிறார்கள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு விடலாம். நல்ல யோசனை. நகலில் நின்று பெயரைச் சொன்னால் அசலுக்குப் போய்ச் சேருமா என்று ஒரு பூசாரியைத்தான் கேட்கவேண்டும்.

போகாமலே இருந்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2011 புரட்சிக்குப் பிறகு பயணிகள் வரத்து சரிந்து, காவலும் தளர்ந்த நாட்களில், எகிப்தின் பல புதைமேடுகளில் திருட்டுத் தோண்டல் அதிகமானது. ஆள் வராத கல்லறையில் அமென்பனூஃபரின் பேரன்கள் வருவார்கள். அதனால் நான் போகிற கட்சி. மாடிக்கும் போவேன், சித்திரம் இருந்தால் கீழேயும் இறங்குவேன். முகம் பார்ப்பது மட்டும் என்னால் முடியாது. கெய்ரோ மியூசியத்தில் ராஜாக்களின் மம்மி அறையை 1980-ல் அதிபர் சதாத் மூடச் சொன்னார். செத்தவர்களை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்றார். 1994-ல் மறுபடி திறந்தார்கள். 2021 ஏப்ரலில் 18 ராஜாக்கள், 4 ராணிகள் என்று 22 பேரை ஊர்வலமாகப் புது மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். பீரங்கி மரியாதை, வாத்தியம், எல்லாம் பிரமாதம். போய்ச் சேர்ந்ததும் கண்ணாடிப் பெட்டி. என்னோடு வந்த நண்பர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். தன்னைத் தூக்கத்தில் அந்நியர் உற்றுப் பார்ப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள் என்பதுதான் காரணம். தர்க்கப்படி இது பலவீனமான காரணம் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். இருக்கட்டுமே.

இந்த வேடிக்கை பார்க்கும் ஆசை நமக்குப் புதிதுமில்லை. மன்னர்களின் பள்ளத்தாக்கில் கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஆயிரக்கணக்கில் சுவரில் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவே, தமிழ் பிராமி உள்பட இந்திய எழுத்துகளில் சுமார் 30 கிறுக்கல்களை, ஐரோப்பிய ஆய்வாளர்கள் இருவர் 2024, 2025-ல் ஆறு கல்லறைகளில் பதிவு செய்தார்கள். அதில் சிகை கொற்றன் என்ற தமிழர் ஐந்து கல்லறைகளில் எட்டு முறை தன் பெயரைக் கீறியிருக்கிறார். கிட்டத்தட்ட 1,900 வருடத்துக்கு முன், செங்கடல் துறைமுகத்துக்கு மிளகு ஏற்றி வந்த கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம். வந்தேன், பார்த்தேன் என்கிற தோரணை. இன்று செய்தால் அபராதம். அவர் செய்ததை ஆய்வாளர்கள் விளக்குப் பிடித்துப் படிக்கிறார்கள். அவர் யார், ஊர் எது, பிள்ளைகள் இருந்தார்களா, ஒன்றும் மிச்சமில்லை. யாரோ ஒருவருடைய கல்லறைச் சுவரில் அவர் பெயர் பிழைத்துக்கொண்டது.

மென்னா என்ற நில அளவை அதிகாரியின் கல்லறையில் நேர் எதிர். வயலைக் கயிறு பிடித்து அளப்பது, தானியக் குவியலைக் கணக்கெழுதுவது எல்லாம் அழகாக இருக்கின்றன. மென்னாவின் கண்களை மட்டும் யாரோ கவனமாகக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். சுற்றி நிற்கிற பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. வரியை ஏற்றி எழுதினாரோ என்னவோ! அவரை முழுக்க ஒழிக்க வேண்டும் என்று யாருக்கோ அவ்வளவு வெறுப்பு. கூட்டம் இல்லை. காவலாளி வாசல் பக்கம் போயிருந்தார். நான் மெதுவாக 'மென்னா' என்று இரண்டு முறை சொன்னேன்.

சரியாகத்தான் சொன்னேனா என்பது வேறு விஷயம். அந்தக் கால எகிப்தியர் எழுத்தில் உயிரெழுத்தே கிடையாது. மெய்யெழுத்துகளை மட்டும் எழுதி வைத்தார்கள். நடுவில் வருகிற உயிர் எல்லாம் பிற்கால அறிஞர்கள் ஊகித்துப் போட்டது. உடம்பைப் பதப்படுத்தியவர்கள் பெயரிலும் மெய்யைத்தான் பதப்படுத்தியிருக்கிறார்கள். உயிரை வருகிறவர்கள் கொண்டு வரவேண்டும். அவர் காதில் அது எப்படி விழுந்ததோ.

வெளியே வந்தபோது ஒரு ஜப்பானிய ஜோடி செருப்பில் புழுதியோடு ஏறி வந்துகொண்டிருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்கள். யாரும் இல்லை, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போங்கள் என்றேன். காவலாளி அமிதாப்பை நிறுத்திவிட்டு வேறு பெயரைத் தேட ஆரம்பித்தார்.